சுங்கை சிப்புட் மாடி ஓவிய வகுப்பு: ஒரு பருவம் படித்த பிறகு

என் கடைக்கு ரவிக்கை தைக்க வருகிற அம்மாமார்கள் அளவு கொடுத்துக்கொண்டே கேட்கிறார்கள்: "அக்கா, அந்த மாடி வகுப்புல பிள்ளைய சேக்கலாமா? கொடுக்கிற காசுக்குத் தகுமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் அண்ணன் மகள் அங்கே எஸ்.பி.எம். என்கிற இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கான வகுப்பில் படிக்கிறாள். நான் சனிக்கிழமை மாலை பெரியவர்கள் வகுப்புக்குப் போகிறேன். பொங்கல் கழிந்து தொடங்கி, மார்ச் விடுமுறையில் கண்காட்சியோடு முடிந்த பருவத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். சேர்க்கலாம் என்பது என் பதில். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

இடம், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் பழைய கடைவீட்டு வரிசை. கீழே துணிக்கடை, மேலே வகுப்பு. மரப்படி செங்குத்தாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். மேலே ஒரே நீள அறை, முன்னும் பின்னும் ஜன்னல். பின் ஜன்னலில் நின்றால் தகரக் கூரைகளைத் தாண்டிச் சுண்ணாம்புக் குன்று தெரியும். நீள மேசைகள், மேலே இரண்டு காற்றாடி, மூலையில் தூரிகை கழுவ ஒரு தொட்டி. கழிப்பறை ஒன்றே ஒன்று. சனிக்கிழமை காலையில் வரிசை நிற்கும்.

மாதக் கட்டணம் எஸ்.பி.எம். வகுப்புக்கு 120 வெள்ளி (ரிங்கிட்), சிறுவர்களுக்கு 80, பெரியவர்களுக்கு 100. பென்சில், சாதாரணத் தாள், கரித்துண்டு அவர்களே தருகிறார்கள். நீர்வண்ணத் தாள் நாம் வாங்க வேண்டும். பள்ளியில் கொடுக்கிற மெல்லிய தாளைக் கொண்டுபோனால் தண்ணீர் பட்டதும் சுருண்டு பள்ளம் விழும், வண்ணம் அந்தப் பள்ளத்தில் போய்த் தேங்கும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை வரும் தடித்த தாளைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான். ஒரு தாளை நான்காக வெட்டிக்கொண்டால் ஒரு மாதத்துக்கு வரும்.

முதல் சில வாரங்கள் வண்ணமே கிடையாது. சிறுவர்கள் முகம் சுளிப்பார்கள், பெற்றோர் சிலர் கீழே வந்து முணுமுணுப்பார்கள். வகுப்பு எடுக்கும் சார் கொடுக்கிற முதல் பயிற்சி, தாளைப் பார்க்காமல் பொருளை மட்டும் பார்த்துக்கொண்டு அதன் விளிம்பை வரைவது. ஒரு மங்குஸ்தீன் பழத்தை வைப்பார். கண் எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அவ்வளவு மெதுவாகக் கை நகர வேண்டும். வருவது கோணல்மாணலாகத்தான் வரும். ஆனால் பழத்தின் காம்பைச் சுற்றி இருக்கும் நாலு தடித்த இதழ்களில் எது எதன்மேல் படிந்திருக்கிறது என்பது அதற்குப் பிறகு மறக்காது. கண்ணை முதலில் பழக்க வேண்டும் என்கிற இந்த ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. துணி வெட்டுகிறவளுக்கும் முதலில் வேண்டியது அதுதான்.

வண்ணம் தொடங்கியபோது நடந்த ஒன்றை எல்லாப் பெற்றோரும் கேட்க வேண்டும். சிறுவர் வகுப்பில் தங்கள் அம்மாவை வரையச் சொன்னார்கள். பிள்ளைகள் பென்சில் பெட்டியிலிருந்து ஒரே கலரைத்தான் எடுத்தார்கள். அந்த வெளிறிய இளஞ்சிவப்பை. எங்கள் வீட்டு அம்மாக்கள் யாரும் அந்த நிறத்தில் இல்லை. டீச்சர் திட்டவில்லை. பெட்டிகளை வாங்கி வைத்துவிட்டு, மூன்றே குழாய் எடுத்தார்: மஞ்சள் காவி, சுட்ட செங்காவி, கடல் நீலம். ஒவ்வொரு பிள்ளையையும் தன் முன்கையை மேசைமேல் நீட்டி வைக்கச் சொன்னார். செங்காவியில் மஞ்சளைக் குழைத்து, நீலத்தைத் தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும். கலந்ததை ஒரு துண்டுத் தாளில் தீட்டி, காயவிட்டு, கையோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். ஈரத்தில் சரியாகத் தெரிந்தது காய்ந்ததும் வெளுத்துவிடும்; மறுபடி கலக்க வேண்டும். முழங்கைப் பக்கம் ஒரு நிறம், உள்ளங்கைக்கு வேறு நிறம் என்று கண்டுபிடித்து ஒரு குட்டிப் பையன் கத்தினான். அன்று மாலை பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த அம்மாக்களின் கையையும் இழுத்து வைத்து ஒப்பிட்டார்கள். இந்த ஒரு வகுப்புக்காகவே அந்த 80 வெள்ளியைக் கொடுக்கலாம் என்று நான் மனமாரச் சொல்கிறேன்.

பிப்ரவரியில் வெளியே கூட்டிப் போனார்கள். வசந்தம் என்று நமக்குத் தனியாக ஒரு காலம் இல்லை என்று சொல்கிறவர்கள் அந்த மாதத்தில் ஒரு ரப்பர் தோப்புக்குள் போய்ப் பார்க்க வேண்டும். இப்போது நம் பக்கம் எங்கு பார்த்தாலும் செம்பனை. செம்பனை வருஷம் முழுக்க ஒரே பச்சையாக நிற்கும். லிந்தாங் போகும் வழியில் சிறுதோட்டக்காரர் ஒருவரிடம் கொஞ்சம் ரப்பர் மரம் மிச்சம் இருக்கிறது. அவரிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தார்கள். போன அன்று இலை மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, சில மரங்களில் நல்ல சிவப்பாகி உதிர்ந்துகொண்டிருந்தது. காலை வைத்தால் நொறுங்கும். மார்ச் தொடக்கத்தில் மறுபடி போனபோது அதே மரங்களில் புதுத் துளிர். அந்தத் துளிர் பச்சை இல்லை, செம்பு நிறம். மூன்று மூன்று இலையாக, எலும்பே இல்லாதது போலத் தலைகீழாகத் தொங்கும். முற்றிய பிறகுதான் பச்சையாகி விறைத்து நிற்கும். இதைப் பார்க்காமல் வரைகிற எவரும் துளிரை இளம்பச்சையாகத்தான் போடுவார்கள். எங்கள் பிள்ளைகள் செங்காவியைக் கேட்டு வாங்கினார்கள்.

அங்கே ஒரு பாட்டி இருந்தார். பேரப்பிள்ளையைக் கூட்டி வந்தவர்; தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்து, ஓய்ந்தவர். மரத்தடியில் உட்கார்ந்து எல்லார் தாளையும் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு பையனிடம் நின்றுவிட்டார். "வெட்டுக்கோட்ட மாத்திப் போட்டுட்டியே சாமி. இடப்பக்கம் மேல, வலப்பக்கம் கீழ. நீ போட்ட மாதிரி வெட்டுனா பால் கம்மியாத்தான் வரும், தெரியுமா?" பையன் ஏன் என்றான். பாட்டி, "எங்களுக்குக் காட்டிக் கொடுத்தது அப்படித்தான்" என்றார். காரணத்தைச் சார் சொன்னார்: பட்டைக்குள் பால் ஓடுகிற குழாய்கள் நேர் செங்குத்தாக இல்லை, கீழிருந்து மேலே போகப் போக லேசாக வலப்பக்கம் சாய்ந்து சுற்றுகின்றன. இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் கூடுதலாக வரும். சொல்லிவிட்டு, பாடத்தைப் பாட்டியிடமே ஒப்படைத்துவிட்டார்.

அடுத்த ஒரு மணி நேரம் பாட்டிதான் டீச்சர். பால் பிடிக்கும் மங்கு எந்த உயரத்தில் கட்டுவது, பால் வழிந்து இறங்கும் பீலி எங்கே அடிப்பது, வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டிய கோட்டுப்பாலை எப்படி ஒரே இழுப்பில் உரிப்பது என்று மரத்தைத் தொட்டுக் காட்டினார். பழைய வெட்டுகள் ஆறிப்போன பட்டையில் மேடு பள்ளமாக இருக்கும் தழும்பைக் காட்டி, எது பட்டையைத் தாண்டி ஆழமாக வெட்டிக் கட்டைக் காயம் பட்ட இடம், எது கைத்தேர்ந்தவர் வெட்டியது என்று பிரித்துச் சொன்னார். இலை உதிர்கிற மாதங்களில் பால் குறைந்து சம்பளமும் குறையும், அந்த நேரத்தில் பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை எடுப்பதே பெரும்பாடு என்றும் சொன்னார். பிள்ளைகள் வரைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். என் அண்ணன் மகள் அன்றைக்கு அந்தப் பட்டைத் தழும்பை மட்டும் கரியில் தேய்த்துத் தேய்த்து வரைந்தாள். அதையே எஸ்.பி.எம். ஃபோலியோவுக்கு (படத்தொகுப்புக்கு) மையப்பொருளாக எடுத்துக்கொண்டாள்.

கோலக்கங்சாருக்கும் ஒருநாள் போனோம். மாவட்ட அலுவலகம் பக்கத்தில் வேலி போட்டு நிற்கிற பழைய ரப்பர் மரத்தை வரையத்தான். 1877-இல் லண்டன் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து இலங்கை வழியாகச் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் ஒன்பதைக் கோலக்கங்சாரில் நட்டார்கள். அந்தக் காலத்து மரம் அது. நம் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த பயிரின் தொடக்கம் பக்கத்து ஊரில் நிற்கிறது, நம்மில் பாதிப்பேர் அதை நின்று பார்த்ததில்லை. பிள்ளைகள் பென்சிலை நீட்டி அளவெடுத்து, அடிமரத்தின் பருமனைத் தாளில் கொண்டுவரப் பட்ட பாடு பார்க்க நன்றாக இருந்தது. பிறகு உபுடியா பள்ளிவாசல், குவிமாடமும் வளைவும் வரைந்து பழக. அதற்குப் பிறகு சாயோங்கில் லாபு என்கிற மண்குடம் செய்கிற பட்டறை. சுரைக்காய் வடிவத் தண்ணீர்க் குடத்தைச் சுட்டு, சூடு ஆறுவதற்குள் உமிக்குள் போட்டுக் கறுப்பாக்குவதைக் கண்முன்னே பார்த்தோம். அந்தக் கறுப்பு வெறும் பூச்சு என்றுதான் எங்களில் பலர் எண்ணியிருந்தோம்.

மெழுகால் கோடு இழுத்துச் சாயமேற்றும் பத்தேக் வகுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், துணி என்பதால் எனக்குச் சொல்லக் கொஞ்சம் உரிமை உண்டு. பத்தேக்கைச் சட்டைத் துணியிலிருந்து சட்டத்துக்குள் மாட்டும் ஓவியமாக 1950-களில் கொண்டுவந்தவர் பினாங்கின் சுவா தியன் தெங் என்று தொடங்கினார்கள். பருத்தித் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, சாந்திங் என்கிற மூக்கு வைத்த சிறு கரண்டியில் உருகிய மெழுகை மொண்டு கோடு இழுக்க வேண்டும். மெழுகு சூடு குறைந்தால் துணிக்குமேலேயே உறைந்து நிற்கும், அடிப்பக்கம் இறங்காது. சாயம் அந்த வழியாகக் கசிந்து பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விடும். சூடு கூடினால் கோடு பரந்து ஓடும். துணியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து மெழுகு அடிவரை இறங்கியிருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தார் டீச்சர். சாயம் காய்ந்ததும் சிலிக்கேட் பூசி ஊறவிட்டு, அலசி, கொதிநீரில் மெழுகை எடுக்க வேண்டும். ஒன்று குறை: புதுத் துணியின் கஞ்சியை முதலில் அலசி எடுக்கச் சொல்லவில்லை. கஞ்சி போகாத துணியில் சாயம் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும், சிலருக்கு அப்படித்தான் ஆனது. நான் சொன்னதும் அடுத்த தொகுதித் துணியை முதல்நாளே அலசிக் காயப்போட்டு வைத்திருந்தார்கள். சொன்னால் கேட்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

அந்த வகுப்புக்குத் துணி, சாயம், சட்டம் என்று 45 வெள்ளி தனியாகக் கேட்டதும், அதை முந்தின வாரம்தான் சொன்னதும் சரியில்லை. தோட்டத்துச் சம்பளத்தில் மாதக் கடைசியில் 45 வெள்ளி திடீரென்று வராது. ஒரு பெண் அந்த வாரம் உடம்பு சரியில்லை என்று வராமல் இருந்துவிட்டாள். காரணம் எல்லாருக்கும் தெரியும். பருவத் தொடக்கத்திலேயே மொத்தச் செலவையும் தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. சுவரொட்டிப் போட்டி, வண்ணம் தீட்டும் போட்டி என்று அறிவிப்பு வந்துவிட்டால், சிறுவர் வகுப்பில் சில வாரங்கள் ஒரே படத்தை எல்லாரும் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்: உலக உருண்டை, அதைத் தாங்கும் இரண்டு கை, மேலே கொடி. கை வெளிறிய இளஞ்சிவப்பில்! தன் கை நிறத்தைக் கலந்து கண்டுபிடித்த அதே பிள்ளைகள். பெற்றோர் கோப்பை கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது என்றார் டீச்சர். கேட்கிறவர்கள் நாம்தான் என்றால் நிறுத்தவும் நம்மால் முடியும். கோப்பை கேட்காதீர்கள்.

எஸ்.பி.எம். வகுப்பு அப்படி இல்லை. தேர்வு மலாயில் என்பதால் காரிசான் (கோடு), ரூபா (உரு), பெந்தோக் (வடிவம்), ஜாலினான் (இழைநயம்), ருவாங் (வெளி), வார்னா (வண்ணம்) என்று ஓவியக் கூறுகள் ஆறையும் மலாயிலேயே பழக்குகிறார்கள். விளக்கம் தமிழில், சீனப் பிள்ளைகளுக்கு மலாயில். வெள்ளிக்கிழமை மாலை எல்லார் படத்தையும் கயிற்றில் துணிக் கிளிப்பால் மாட்டுவார்கள். மாட்டியதும் யாரும் நன்று, நன்றில்லை என்று சொல்லக் கூடாது. படத்தில் என்ன தெரிகிறது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பிறகு எது கண்ணை இழுக்கிறது, எங்கே கண் வழி தவறுகிறது. பதினாறு வயதுப் பிள்ளைகள் ஒருவர் படத்தை ஒருவர் இவ்வளவு மரியாதையோடு பேசி நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஜாலோங்கிலிருந்து மோட்டாரில் வருகிற பையன் தாளை மழைக்கு பயந்து பிளாஸ்டிக் குழாயில் சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டு வருவான். இடைவேளையில் கீழே போய் நாசி லெமாக் பொட்டலமும் மைலோவும் வாங்கி ஐந்தடியில் (கடை முன்னே கூரையுள்ள நடைபாதையில்) உட்கார்ந்து சாப்பிடுவார்கள், விரலெல்லாம் கரி. முடிந்ததும் பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளின் தூரிகையையும் சேர்த்துக் கழுவி, முடி மேலே இருக்க நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எவரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

மார்ச் கண்காட்சி மாடியிலும் கீழே ஐந்தடியிலும் நடந்தது. பொன்னாடை, மாலை, உரை எதுவும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும். செம்பனைக் குலை அறுக்கிற நீளக் கழியைத் தன் அப்பா தோளில் சாய்த்துப் பிடித்திருப்பதை ஒரு பையன் கரியில் போட்டிருந்தான். தாளின் உயரம் போதாமல் இன்னொரு தாளை மேலே ஒட்டி, கழியை அதற்குள்ளும் ஏற்றியிருந்தான். அவன் அப்பா வேலை உடுப்போடு வந்து நின்று பார்த்தார். "அருவா வளைவு சரியா இருக்குடா" என்றார். அண்ணன் மகளின் பட்டைத் தழும்புப் படங்கள் வரிசையாக ஐந்து, கடைசியில் துளிர் மட்டும் செம்பு நிறத்தில். பாட்டியும் வந்திருந்தார், கட்டைக் காயத்தை அவராகவே அடையாளம் கண்டு விரலால் காட்டினார்.

மாடி விளக்குகள்தான் கெடுத்துவிட்டன. மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் நீலமெல்லாம் சாம்பலாகத் தெரிந்தது. நல்ல படங்களை ஜன்னல் ஓரத்துக்கு மாற்றினால் போதும், செலவே இல்லை.

கோலாலம்பூரில் கலைக் கல்லூரியில் படிக்கும் பழைய மாணவி ஒருத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். பெற்றோர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "படம் வரைஞ்சு என்னம்மா பண்ணப் போறே?" என்றுதான் எல்லாரும் தொடங்கினார்கள். அவள் பொறுமையாகச் சொன்னாள்: முதல் வருஷம் முழுக்க அடிப்படைதான், ஆளை உட்காரவைத்து வரைவது, வண்ணம், வடிவம். ராத்திரி இரண்டு மணிவரை அறையில் விளக்கு எரியும். அறை வாடகையைவிட அச்சுக்கும் வண்ணத்துக்கும் ஆகிற செலவு பயமுறுத்தும், பி.டி.பி.டி.என். என்கிற அரசு உயர்கல்விக் கடனோடு சனி ஞாயிறு ஒரு கடையில் வேலையும் பார்க்கிறாள். லயத்து வீடுகளை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) வரைந்து கொண்டுபோனபோது விரிவுரையாளர் அதைப் பற்றித்தான் நிறையக் கேட்டாராம். 1967 முதல் இயங்கும் மலேசியக் கலைக் கழகம் போன்ற தனியார் கல்லூரிகள் ஒரு பக்கம், பினாங்கு யூ.எஸ்.எம்., தஞ்சோங் மாலிம் உப்சி (சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம்) போன்ற அரசுப் பல்கலைக்கழகங்கள் ஒரு பக்கம். எங்கே போனாலும் கையில் நல்ல படத்தொகுப்பு இருந்தால் பேச்சு எளிது என்றாள். அந்தத் தொகுப்புக்கு வேண்டிய அடித்தளம் இந்த வகுப்பில் கிடைக்கிறது. என் அண்ணன் அன்று இரவு சாப்பிடும்போது, "உப்சின்னா டீச்சர் வேலையும் உண்டுல்ல?" என்று கேட்டார். அதுவரை கணக்கியல் என்று ஒரே பிடியாக இருந்தவர்.

அடுத்த பருவம் சித்திரைப் புத்தாண்டு கழித்துத் தொடங்குகிறது. எஸ்.பி.எம். வகுப்பு சீக்கிரம் நிரம்பிவிடும், இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள். பெரியவர்கள் வகுப்பில் இடம் இருக்கிறது. பாட்டிமார்கள் வந்தால் எனக்குப் பெருமகிழ்ச்சி, படியேறக் கை கொடுக்க நான் இருப்பேன். சேரும்போது பொருள் செலவுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இந்த முறை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மோட்டாரைக் கடைக்குப் பின்சந்தில் நிறுத்துங்கள். முன்னால் நிறுத்தினால் துணிக்கடைக்காரருக்குச் சரக்கு இறக்க வழி இருக்காது.